ஆள் ஏறினால் விசிலடிக்கும் வண்டி

பல் டாக்டர் பட்டறைக்கு வந்து தன் வண்டியின் குறையைச் சொன்னபோது சீட்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததை நினைத்து அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள், அது வேறு விஷயம். அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் சிரித்துத்தான் இருப்பார்கள்.

"நான் ஒருத்தனா ஓட்டிட்டுப் போனா ஒரு சத்தம் கிடையாதும்மா. வீட்டுக்காரியும் பேத்திங்க ரெண்டு பேரும் பின்னாடி ஏறினா போதும், என் காதுகிட்ட விசில் அடிக்குது."

"அடிக்கிறது வண்டிதானா டாக்டர்? நல்லா விசாரிச்சுட்டீங்களா?"

"வீட்டுக்காரிக்கு முன்பல்லு நாலும் நான் கட்டினது. அவளால விசிலடிக்க முடியாது."

வண்டிக்கு வயது நாற்பத்தைந்து. பாலாடை நிறம், இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடித்துவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். டாக்டர் ஓய்வு பெற்ற மறுமாதம் வாங்கியது, வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. காலையில் தான் குளிக்கிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிடுவார்.

இந்த மாதிரிக் கதவுகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கண்ணாடி கதவுக்குள்ளிருந்து நேராக எழும்பி, கூரை விளிம்பில் ஓடுகிற ரப்பரில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்த ரப்பருக்குத் தொழிலில் பீடிங் என்று பெயர். முட்டுவதில் ஒரு நூல் குறைந்தால் காற்று விசிலடிக்கும், மழை தொடையில் சொட்டும். ஒரு நூல் கூடினால் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும், ஒருநாள் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடியை உயர்த்த ஒரு போல்ட், உள்பக்கம் சாய்க்க ஒரு போல்ட், முன்னும் பின்னும் தள்ள இன்னொன்று. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். மாமியார், நாத்தனார், ஓரகத்தி மூன்று பேரையும் ஒரே சமையலறையில் வைத்துச் சமாளிக்கிற வேலை இது என்பாள் சீட்டக்கா. மூன்று பேரோடும் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவள், அவளுக்குத் தெரியாதா?

சரியாக முட்டுகிறதா என்று பார்க்க அவளிடம் இருக்கிற கருவி ஒரு தாள் கீற்று. நோட்டுத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்துவாள். பிறகு வெளியிலிருந்து இழுப்பாள். சீட்டு மனசில்லாமல் வர வேண்டும். சும்மா வந்தால் இடைவெளி இருக்கிறது, வராமல் கிழிந்தால் இறுக்கம் அதிகம். சீட்டக்கா என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் சீட்டுக்கட்டு வைத்திருக்கிறாள் என்று தேடிப் பார்த்தவர்களும் உண்டு.

பட்டறையின் பின்பாதி அவளுடையது. தெருவைப் பார்த்த முன்பாதி அண்ணனுடையது. அவன் டிங்கர். தகட்டு வேலையிலும் வெல்டிங்கிலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எதிரிகளே சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் தகடு வெட்டும் மெஷின் அவன் வலதுகையின் நடுவிரலை அடியோடு எடுத்துக்கொண்டது. "மிச்சம் நாலு இருக்குல்ல, கணக்குப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுமாதமே வேலைக்கு வந்தவன். அப்பா போன பிறகு தங்கைக்கு இடம் கொடுத்து, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, "இவ என் பார்ட்னர்" என்று நாலு பேர் முன்னால் சொன்னவன். அவனைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

டாக்டர் வண்டி முதல் தடவை கேட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வெல்டிங் காஸ் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன் சாயங்காலம்தான் திரும்பினான், காஸ் இல்லாமல்.

"அந்த வண்டிக்கு என்ன?" என்று கேட்டான்.

"விசிலடிக்குதாம்."

"தடி ரப்பரா ஒண்ணு போட்டு அனுப்பி விடும்மா. அதைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்காத."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். உள்பக்க அட்டையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால், கண்ணாடி ஓடும் சட்டத்துக்கு அடியில் நாலு வாஷர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் ஒரு பக்கமும் அரத்தால் ராவியிருந்தது. வாஷரைச் சாய்வாக ராவி அடுக்கினால் கண்ணாடி முடியளவு உள்ளே சாயும். அந்த வித்தை எல்லாருக்கும் வராது. "யார் செஞ்சதோ தெரியல, கை நல்ல கை" என்று அவள் வாய்விட்டுப் பாராட்டினாள். அண்ணன் அந்தப் பக்கம் சுத்தியலைத் தூக்கி எதையோ அடிக்க ஆரம்பித்தான்.

முதல் தடவை கண்ணாடியை அரை நூல் ஏற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். விசில் அப்படியே இருந்தது. இரண்டாம் தடவை பீடிங் முழுவதையும் உரித்துவிட்டுப் புதிது ஒட்டினாள், எட்டு இடத்தில் சீட்டு வைத்துப் பார்த்தாள், எட்டும் மனசில்லாமல் வந்தன. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கால்மணி நேரம் அடித்தாள், உள்ளே ஒரு சொட்டு இல்லை. வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தாள். மூச்சுக் காட்டவில்லை. அப்படியும் டாக்டர் நாலு நாள் கழித்து வந்து நின்றார். இந்தத் தடவை அவருக்கே சங்கடமாக இருந்தது.

"தப்பா நினைக்காதம்மா. மறுபடியும் ஆள் ஏறினா விசில். அதோட இன்னொண்ணு. பேத்திங்க பின்னாடி உக்காந்திருக்கும்போது என் கதவைத் திறக்க ரெண்டு தடவ இழுக்க வேண்டியிருக்கு. தனியா இருந்தா ஈசியா திறக்குது."

இதையாவது அவள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. வேலை தெரிந்தவளுக்கு வருகிற வியாதி அது. தன் சீட்டு பொய் சொல்லாது என்ற திமிர். வாடிக்கையாளர் சொல்வதில் பாதி மனப்பிரமை என்று முப்பது வருஷமாக அந்தப் பட்டறையில் ஒரு நம்பிக்கை உண்டு.

"நாளைக்குச் சனிக்கிழமை மலைக்குப் போறோம்மா" என்றார் டாக்டர். "மகளையும் கூட்டிக்கிட்டு அஞ்சு பேர். எட்டு மணி நேரம் இந்த விசிலைக் கேட்டுக்கிட்டே போக முடியாது. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அவள் அந்தக் கதவோடு மல்லுக்கு நின்றாள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பின் மேல்மூலையில் சீட்டை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கை கழுவப் போனாள். அப்போதுதான் பக்கத்து டயர்க் கடை அண்ணன் தம்பிகள் வெயிலுக்கு ஒதுங்க வந்தார்கள். பெரிய டயர், சின்ன டயர் என்று பெயர். சின்ன டயர்தான் பெரியவனைவிடப் பருமன். அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு பேரும் அடுத்த பக்கக் கதவு வழியாக நுழைந்து, பின்சீட்டில் மாப்பிள்ளைகளைப்போல் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இறங்குங்கடா! டாக்டர் பாத்தா உங்க பல்லைப் பிடுங்கிடுவார்!"

"ஒரு நிமிஷம்க்கா. பின்சீட்டு என்னமா இருக்கு!"

அவள் வாயைத் திறந்தாள், திட்ட. திட்டு வெளியே வரவில்லை. அவள் கண் முன்னால், ஓட்டுநர் கதவின் பின் மேல்மூலையில், இறுக்கிப் பிடித்திருந்த சீட்டு தானாக நழுவித் தரையில் விழுந்தது. யாரும் இழுக்கவில்லை. கதவு சாத்தியபடி இருந்தது. காற்றுகூட இல்லை.

"இறங்குங்க" என்றாள். குரல் மாறியிருந்ததால் இருவரும் உடனே இறங்கினார்கள். சீட்டைத் திரும்ப வைத்துச் சாத்தினாள். இழுத்தாள். மனசில்லாமல் வந்தது. மறுபடி வைத்தாள்.

"ஏறுங்க."

"இப்பதானக்கா இறங்கச் சொன்ன?"

"ஏறுங்கடான்னா."

பெரிய டயர் மட்டும் ஏறியபோது சீட்டு தளர்ந்தது. சின்ன டயரும் ஏறியதும் விழுந்தது. இறங்கச் சொன்னாள், ஏறச் சொன்னாள், இறங்கச் சொன்னாள். ஆறு தடவை. அவர்கள் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஆறாவது தடவை அவள் சீட்டைப் பார்க்காமல் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தாள். கூரை இருந்த இடத்தில் இருக்க, கண்ணாடியின் பின்மூலை கீழே போயிற்று. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போயிற்று. கண்ணாடி ஆடவில்லை. கதவும் ஆடவில்லை. வண்டி நடுவில் மடங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு மடங்காது. ஒழுங்கான வண்டியில் பின்சீட்டில் யானையே உட்கார்ந்தாலும் ஸ்பிரிங் இறங்குமே தவிர உடம்பு மடங்காது. கதவு இறுகியதும் இதனால்தான், விசில் வந்ததும் இதனால்தான். பத்து நாளாக இந்த மனுஷர் வண்டியே வாய்விட்டுச் சொன்னதைத்தான் வந்து சொல்லியிருக்கிறார். அவள் சிரித்திருக்கிறாள்.

டயர்க் கடைக்காரர்களை அனுப்பிவிட்டு, ஓட்டுநர் சீட்டைக் கழற்றி, கால்மிதியையும் அதற்கடியில் இருந்த கம்பளத்தையும் உரித்தாள். தரைத்தகட்டின் மேல் கறுப்புத் தார் பூசியிருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க எல்லாரும் பூசுவதுதான். மற்ற இடத்திலெல்லாம் பிரஷ்ஷால் பூசிய தார், கதவின் கீழ்ப்படி ஓரத்தில் பிரஷ் போகாத மூலைகளில் கையால் வழித்துப் பூசியிருந்தது. காய்ந்த தாரில் விரல் தடங்கள் அப்படியே நின்றன. ஒரு தடம், பிறகு ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம், பிறகு இரண்டு தடம்.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் வலதுகையை விரித்து, நடுவிரலை மடக்கி, அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.

ஸ்க்ரூடிரைவரால் தாரைச் சுரண்டினாள். அடியில் ஒரு வெல்டிங் கோடு. அது முடியும் என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டே போனாள், முடியவில்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, வண்டியின் குறுக்கே, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடியது. இது ஒரு வண்டியே அல்ல. ஒரு வண்டியின் முன்பாதி, இன்னொரு வண்டியின் பின்பாதி. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல்தான் டாக்டர் ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநர் பக்க ஓரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு அந்தக் கோடு விட்டுப்போயிருந்தது. விட்ட இடம் துருவேறாமல் பளபளவென்று இருந்தது. புதிதாக விட்டது. குனிந்து பார்த்தால் அதன் வழியாகப் பட்டறையின் சிமெண்ட் தரை தெரிந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு இந்நேரம் இந்த வண்டி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு திரும்பிக்கொண்டிருக்கும். பின்சீட்டில் மூன்று பேர். டிக்கியில் பெட்டி. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு ஸ்பேனர்கூடக் கை தவறி விழாதவளுக்கு ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை விழுந்தது.

வெளியே போயிருந்த அண்ணன் இரண்டரை மணிக்கு வந்தான். வந்தவன் கழற்றி வைத்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான், உரித்த கம்பளத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "என்ன இது" என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றாள்.

"கேட்டுக்குள்ள வந்த அன்னிக்கே."

இல்லவே இல்லை என்று சாதித்திருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். இப்படிச் சொன்னவனை என்ன செய்வது?

"பத்து நாளா, அண்ணே! பத்து நாளா வாயில என்ன வச்சிருந்த? ரெண்டு தடவ அந்த மனுஷன் என் கையால சாவியை வாங்கிட்டுப் போயிருக்கார். குழந்தைங்கள ஏத்திக்கிட்டு!"

"இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னுதான்..." அண்ணன் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தான். "ஓடுற வண்டிக்கா நான் அப்படி ஒட்டுவேன்? என்னை உனக்குத் தெரியாதா? புரோக்கர் ஒருத்தன் கொண்டு வந்தான். ஒண்ணு முன்னாடி நொறுங்கினது, ஒண்ணு பின்னாடி நொறுங்கினது. ஹோட்டல் வாசல்ல அழகுக்கு நிறுத்தப்போறோம், எஞ்சினே கிடையாதுன்னான். நிக்கிற வண்டிதானேன்னு உள்தகடு வைக்காம மேலோட ஒட்டினேன். அதுக்கு எஞ்சின் போட்டு எவனோ வித்திருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?"

அண்ணன் தன் கையைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான். "ஒரு வாரம் கொடு. கண்ணாடி உடைஞ்சிடுச்சு, வேற வரணும்னு டாக்டர்கிட்ட சொல்லு. அடியில பட்டைத் தகடு ரெண்டு ஒட்டி, தண்டவாளம் மாதிரி ஆக்கிடறேன். அவருக்குத் தெரியவே வேணாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வெளியில தெரிஞ்சா இந்தப் பட்டறைக்கு எவன் வருவான்? நாம ரெண்டு பேரும் எங்க போறது?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உடைந்த கண்ணாடியை எப்படிக் காட்டுவது என்றுகூட யோசித்துவிட்டாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அடியில விட்டது மாதிரி மேல கூரைக் கம்பத்துலயும் விட்டிருந்தா? தகடு வச்சா போதும்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?" என்றாள். "நீ ஏறுவியா? உன் பிள்ளைகளை ஏத்துவியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொல்லிடறேன். நாலு மணிக்கு அவர் வந்ததும் சொல்லிடறேன். ஒட்டினது நீன்னு சொல்லணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. நான் எதையும் மறைச்சு வைக்கிற ஆள் இல்ல."

அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கதவுக்குக் கண்ணாடி போட்டது யாருன்னு நினைக்கற?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பட்டறை மூலையில், செங்காவி பிரைமர் மட்டும் அடித்து, எஞ்சினும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல் கட்டை மேல் நின்ற ஒரு வெற்றுக்கூடு. "கதவு இடைவெளி கோணலா இருக்கேண்ணே" என்று அவள் கேட்டதும், "ஷோ வண்டிதாம்மா, பாக்க நேரா தெரியிற மாதிரி பண்ணு போதும்" என்று அவன் சொன்னதும். கோணலைத் தோற்கடித்துக் காட்டுகிறேன் என்று அவள் இரண்டு நாள் உட்கார்ந்து, அரத்தை எடுத்து, ஒவ்வொரு வாஷராக ராவினாள். முடித்ததும் கண்ணாடி கூரையோடு அப்படிப் பொருந்தியது. அது இரண்டு வண்டி என்று கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாது. அவ்வளவு நன்றாக, தெரியாமலேயே மறைத்திருந்தாள்.

எழுந்துபோய்க் கதவுக்குள் டார்ச் அடித்தாள். நாலு வாஷர்கள். பத்து நாளைக்கு முன் தான் மெச்சிய அதே கை. தான் ராவிய வாஷரைப் பார்த்துத் தானே "கை நல்ல கை" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் சுத்தியலை எடுத்து அடித்தான். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் டாக்டர் குரல் கேட்டது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. பேத்திகள் வீட்டில் இருக்க மாட்டோம் என்று அடம்பிடித்ததால் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டாராம். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. இரண்டும் அவரை முந்திக்கொண்டு ஓடிவந்தன. சின்னவள் அடுத்த பக்கக் கதவைத் திறந்து, முன்சீட்டைப் பழகிய கையால் மடித்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"ஏறாத!"

அது சீட்டக்காவின் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. டயர்க் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். குழந்தை காலை வைத்தபடியே உறைந்து நின்றது, அப்புறம் உதடு பிதுங்கியது.

"என்னம்மா இது, குழந்தையைப் போய்..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "என்ன ஆச்சு?"

சொல்ல வேண்டியதையெல்லாம் குழாயடியில் அடுக்கித்தான் வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். ஓட்டுநர் கதவைத் திறந்து, பின் மேல்மூலையில் வைத்துச் சாத்தினாள்.

"இழுங்க டாக்டர்."

டாக்டர் இழுத்தார். "டைட்டா இருக்கே. நல்லாத்தானே இருக்கு?"

"விட்டுடுங்க. இப்ப பின்னாடி ஆள் ஏறணும்."

"நான் ஏறவா?"

"நீங்க வேணாம்."

அதற்கு மேல் அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அண்ணன் இந்நேரம் முன்பக்க வாசல் வழியாகப் போயிருப்பான், காஸ் வாங்க, என்று ஒரு கசப்பு நாக்கில் ஏறியது. அப்போது இரும்புப் பெட்டி ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது. அண்ணன் தன் கருவிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். சாதாரணமாக இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பெட்டி. அதைத் தனியாகத் தூக்கிப் பின்சீட்டில் ஏற்றினான். பிறகு குனிந்து, தானும் நுழைந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எட்டிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சீட்டு நழுவி டாக்டரின் செருப்பின் மேல் விழுந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கண்ணாடி விளிம்பில் திறந்திருந்த கறுப்பு இடைவெளியைப் பார்த்தார். சீட்டக்கா கழற்றி வைத்த ஓட்டுநர் சீட்டையும் கம்பளத்தையும் காட்டி, கோட்டைக் காட்டி, இரண்டு வண்டி என்று சொன்னாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கதவைப் பிடித்துக்கொள்ளப் போன டாக்டர், அந்தக் கதவைத் தொட மனசில்லாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமை தொண்ணூறு வேகத்துல போனேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். "இவங்க ரெண்டு பேரும் பின்னாடி பாடிக்கிட்டு வந்தாங்க. நான் விசிலை அடக்கக் கண்ணாடியைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே..." பாதியில் நின்றார். பிறகு கேட்டார். "யாரும்மா? யார் இப்படி ஒட்டினது?"

வண்டிக்குள்ளிருந்து அண்ணன் கையைத் தூக்கினான். பின்பக்கக் கண்ணாடியில் வைத்தான். நாலு விரல், நடுவில் ஒரு இடைவெளி. டாக்டருக்கு அது என்ன பதில் என்று புரியவில்லை.

"ஒட்டினது எங்கண்ணன், டாக்டர்" என்றாள் சீட்டக்கா. "அது வெளியில தெரியாதபடி கண்ணாடி போட்டு மூடினது நான்."

பெரிய பேத்தி குனிந்து, தாத்தாவின் செருப்பின் மேல் கிடந்த சீட்டை எடுத்தாள். பெரியவர்கள் எதையோ தவறவிட்டுவிட்டார்கள், எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். எம்பி நின்று, சாத்தியிருந்த கதவின் மேல்மூலையில் அதைச் செருகினாள். எந்தத் தடையும் இல்லாமல் சீட்டு முழுசாக உள்ளே போய், தாத்தா உட்காரும் இடத்தில் விழுந்தது.

டாக்டர் இரண்டு பேத்திகளின் கையையும் பிடித்துக்கொண்டு, வண்டியைவிட்டு நாலடி பின்னால் போய் நின்றார்.